மாயச் சதுரமுகி பிறந்த நகரிலே

ஐரோப்பாவின் பெருநதிகளுள் ஒன்றான டன்யூப், ஹங்கேரி நாட்டின் தலைநகரை இரு கூறாகப் பிரித்துக்கொண்டு பாய்கின்றது. மேற்குக் கரையிலே குன்றுகளும் கோட்டையும் கொண்ட புடா. கிழக்குக் கரையிலே சமதரையிற் பரந்து கிடக்கும் பெஸ்ட். 1849ஆம் ஆண்டிலே திறந்துவைக்கப்பட்ட சங்கிலிப் பாலம் இவ்விரு கரைகளையும் பிணைத்தது. 1873ஆம் ஆண்டிலே இரு நகர்களும் அயலிலிருந்த பழைய புடாவும் ஒன்றுசேர்ந்து புடாபெஸ்ட் என்னும் பெயர் பெற்றன.

நதிக்கரையிலுள்ள பாராளுமன்ற மாளிகையையும், ஜெலர்ட் குன்றின் மேலிருந்து தோன்றும் எழிலையும், வெந்நீர் ஊற்றுகளையும் நாடியே பெரும்பாலான பிரயாணிகள் இந்நகருக்கு வருகின்றனர். நாமும் அவற்றைக் கண்டு களித்தோம். ஆயினும் எம்மை அங்கு ஈர்த்தது வேறொன்று. உள்ளங்கையில் அடங்குவதும், ஆறு முகங்களிலும் ஆறு நிறங்கள் கொண்டதும், எப்பக்கமும் திருகத்தக்கதுமான ஒரு சிறு விளையாட்டுப் பொருள் பிறந்த ஊர் இதுவேயாகும். ஹங்கேரி மக்கள் அதற்கு முதலில் இட்ட பெயர் 'மாயச் சதுரமுகி' என்று பொருள்படும். உலகம் அதனை அமைத்தவர் பெயரால் ரூபிக் கியூப் என அழைக்கின்றது.

வாசகர்கள் பலரின் வீடுகளில் இப்பொருள் இருக்கும். ஒரு முகம் மட்டும் நிறஞ்சேர்ந்து, ஏனைய ஐந்தும் குழம்பிய நிலையில், அலுமாரியின் மூலையிலே கிடப்பதும் உண்டு. சில பிள்ளைகள் அதனை முற்றாகச் சேர்க்கக் கற்று, இரண்டு நிமிடத்தில் முடித்து, அதற்கு மேல் வேகம் கூடாமையால் சலித்து வைத்துவிடுகின்றனர். வேறு சிலரோ அதே பொருளைப் பத்து விநாடியிற் சேர்த்துவிடுகின்றனர். இவ்வேறுபாட்டுக்குக் காரணம் என்ன? விரலின் வேகமா, பிறவித் திறமையா, அல்லது வழியின் சிறப்பா? இந்தக் கேள்வியையும் எம் பிரயாணப் பையிலே வைத்துக்கொண்டுதான் நாம் புறப்பட்டோம்.

எம் சகோதரியின் மகனும் உடன் வந்திருந்தான். பதின்மூன்று வயதுப் பாலகன். சதுரமுகியை இரண்டு நிமிடத்திற் சேர்க்க வல்லவன். ஊர் திரும்பி மூன்று வாரத்தில் அவனுடைய பாடசாலையில் ஒரு போட்டி நடைபெற இருந்தது. ஆகவே எமது கேள்வி அவனுக்கு வெறும் ஆராய்ச்சியன்று, மானப் பிரச்சினை.

குன்றின் அடிவாரத்துக் கலைக்கூடம்

புடாப் பகுதியின் மேற்கே, மரங்கள் அடர்ந்த குன்றுகளின் அடிவாரத்தில் ஸுக்லிகெட் என்னும் இடம் உள்ளது. நகரின் இரைச்சல் அங்கே குறைந்து, காற்று குளிர்கின்றது. இங்கேதான் முன்னாளில் பிரயோகக் கலைக் கழகம் என்றும், 2006ஆம் ஆண்டு முதல் மொஹோலி-நாகி கலை வடிவமைப்புப் பல்கலைக்கழகம் என்றும் வழங்கும் கல்விக்கூடம் அமைந்திருக்கின்றது. எர்னோ ரூபிக் என்னும் இளைஞர் ஒருவர் 1970களில் இக்கழகத்திலே விரிவுரையாளராக இருந்தார்.

ரூபிக் 1944ஆம் ஆண்டு ஜூலை மாதம் 13ஆம் திகதி, உலக யுத்தத்தின் நடுவே, இந்நகரிலே பிறந்தவர். தந்தையார் இயந்திரமின்றிக் காற்றில் மிதந்து செல்லும் விமானங்களை வடிவமைத்த பொறியியலாளர். தாயார் கவிதை எழுதுபவர். மகனோ கட்டடக் கலை பயின்று, பின்னர் மாணவர்க்கு வடிவங்களைப் பற்றிக் கற்பித்தார். 1974ஆம் ஆண்டு வசந்த காலத்தில், தாயாரின் வீட்டிலே தமக்கென இருந்த அறையில், ஒரு விசித்திரமான சிக்கலை எடுத்து ஆராயத் தொடங்கினார். சிறுசிறு கட்டைகளாலான ஒரு பெரிய கட்டையின் பகுதிகள் தனித்தனியே திரும்பவும் வேண்டும்; ஆனால் முழுவதும் சிதறிவிழாமல் ஒன்றாக நிற்கவும் வேண்டும். இஃது எங்ஙனம் இயலும்?

மரத்துண்டுகளையும் றப்பர் வளையங்களையும் கடதாசிக் கவ்விகளையும் கொண்டு அவர் பரீட்சித்தார். றப்பர் அறுந்தது, கட்டைகள் விழுந்தன. டன்யூப் நதியின் கரையிலே நீரால் உருண்டு மழமழப்பான கூழாங்கற்களைக் கண்டபோதே, உள்ளே வளைந்த உறுப்புகளை அமைக்கும் எண்ணம் அவருக்கு உதித்தது எனச் சொல்வதுண்டு. முடிவில், துண்டுகள் ஒன்றையொன்று தாமே பற்றிக்கொண்டு நிற்கும் அமைப்பை அவர் கண்டுபிடித்தார். ஒவ்வொரு முகத்துக்கும் ஒரு நிறம் இட்டார். சில தடவை திருகினார். நிறங்கள் கலந்தன. மீண்டும் சேர்க்க முயன்றார். இயலவில்லை!

தாம் படைத்த பொருளைத் தாமே சேர்க்க அவருக்கு ஒரு மாதத்துக்கு மேற் சென்றது. இதனை எண்ணும்போதெல்லாம் எமக்கு ஓர் ஆறுதல் உண்டாகின்றது. வழி இன்னதென்று அறியாதவிடத்துப் படைத்தவரும் மாணவரே.

1975ஆம் ஆண்டு ஜனவரியில் அவர் காப்புரிமைக்கு விண்ணப்பித்தார். 1977ஆம் ஆண்டின் இறுதியில் புடாபெஸ்ட் நகரத்து விளையாட்டுப் பொருட் கடைகளில் முதற் சதுரமுகிகள் விற்பனைக்கு வந்தன. 1980ஆம் ஆண்டில் அது கடல் கடந்து உலகெங்கும் பரவியது.

எண்ணிலடங்கா நிலைகள்

சதுரமுகியின் வெளியே தெரியும் சிறு கட்டைகள் 26. அவற்றுள் முகத்தின் நடுவிலுள்ள மையத்துண்டுகள் 6; இரண்டு நிறங்கொண்ட விளிம்புத்துண்டுகள் 12; மூன்று நிறங்கொண்ட மூலைத்துண்டுகள் 8. மையத்துண்டுகள் தம்முள் இடம் மாறுவதில்லை. வெள்ளை மையத்துக்கு எதிரே மஞ்சள் மையம் இருந்தால், எத்தனை தடவை திருகினும் அது அவ்வாறே இருக்கும். ஆதலால் ஒரு முகத்தின் நிறம் யாதென நிச்சயிப்பது மையத்துண்டேயாகும். ஒட்டியிருக்கும் நிறங்களைச் சேர்க்க முயல்பவன் தடுமாறுவான். துண்டுகளை அவற்றின் இருப்பிடத்திற் சேர்க்க முயல்பவன் முன்னேறுவான். இது முதற் பாடம்.

இத்துண்டுகள் அமையக்கூடிய நிலைகளின் எண்ணிக்கை 43,252,003,274,489,856,000 ஆகும். விநாடிக்கு ஒரு நிலையாகப் பார்த்துக்கொண்டே போனால், பிரபஞ்சத்தின் வயதான ஏறத்தாழ 1380 கோடி ஆண்டைப் போல நூறு மடங்கு காலம் செல்லும். ஆகையால் குருட்டாம்போக்காகத் திருகி இதனைச் சேர்க்கலாம் என எவரும் எண்ண வேண்டியதில்லை. வழி ஒன்று வேண்டும்.

அவ்வழிகளுள் எளியது அடுக்கு முறை. கீழ் அடுக்கை முதலிற் சேர்த்து, பின்னர் நடு அடுக்கையும், ஈற்றில் மேல் அடுக்கையும் சேர்ப்பது. வீடு கட்டுவோன் அத்திவாரம், சுவர், கூரை என எழுப்புவதைப் போன்றது. ஏழெட்டுத் திருப்பக் கோவைகளை மனனஞ் செய்தால் போதும். சிறுவர்களும் ஒரு வாரத்திற் கற்றுக்கொள்ளலாம். ஆனால் இவ்வழியிற் சென்றால் நூறுக்கு மேற்பட்ட திருப்பங்கள் தேவைப்படும். விரல்கள் எவ்வளவு விரைந்தாலும், வழி நீண்டதாயிருப்பின் பிரயாணமும் நீண்டதாகவேயிருக்கும். எம் மருமகன் இரண்டு நிமிடத்தில் நின்றுபோனமைக்கு இதுவே காரணம்.

ஒரே மேடையிற் பல வழிகள்

இந்நகரில் 1982ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆம் திகதி ஒரு விழா நடந்தது. சதுரமுகியின் முதலாவது உலகப் போட்டி அது. பல நாடுகளில் நடந்த போட்டிகளிலே முதலிடம் பெற்ற இளைஞர்கள் இங்கே கூடினர். ஒவ்வொருவருக்கும் மூன்று முயற்சிகள்; அவற்றுட் சிறந்ததே கணக்கு. வியட்நாமிற் பிறந்து அமெரிக்காவில் வாழ்ந்த மின் தாய் என்னும் மாணவர் 22.95 விநாடியிற் சேர்த்து வாகை சூடினார். அதற்கு முந்திய ஆண்டில், ஜேர்மனியின் மியூனிக் நகரில் நடந்த போட்டியை வென்றவருக்கு 38 விநாடி சென்றிருந்தது. ஓராண்டுக்குள் இத்துணை முன்னேற்றம்!

ஆனால் அப்போட்டியில் எம் கவனத்தை ஈர்ப்பது வென்றவரின் நேரம் மட்டுமன்று. அங்கு வந்தோர் ஒரே வழியிற் பயின்றவரல்லர். மின் தாய் மூலைத்துண்டுகளை முதலிற் சேர்த்துப் பின்னர் விளிம்புகளுக்குச் சென்றார். நான்காம் இடம் பெற்ற சுவீடன் நாட்டு லார்ஸ் பெற்றுஸ், ஒரு மூலையிலே இரண்டுக்கு இரண்டுக்கு இரண்டான சிறு கட்டியை ஆக்கி, அதனைச் சிறிது சிறிதாக வளர்த்துச் செல்லும் முறையைத் தமக்கென வகுத்திருந்தார். செக்கோஸ்லோவாக்கியாவிலிருந்து வந்த ஜெசிக்கா ஃபிரிட்ரிச் பத்தாம் இடத்தைப் பெற்றார்.

பத்தாம் இடம் பெற்றவரை உலகம் பொதுவாக நினைவில் வைப்பதில்லை. அடுத்த சில ஆண்டுகளில் சதுரமுகி மோகமும் தணிந்தது. உலகப் போட்டி மறுபடி நடைபெற 21 ஆண்டுகள் ஆயின. ஆயினும் ஃபிரிட்ரிச் தம் முறையைக் கைவிடவில்லை. அமெரிக்கா சென்று பேராசிரியரானார். 1997ஆம் ஆண்டில் தம் முறை முழுவதையும் இணையத்தில் எவரும் படிக்குமாறு வெளியிட்டார். உலகின் பல மூலைகளிலிருந்த பிள்ளைகள் அதைப் பார்த்துப் பயின்றனர். 2003ஆம் ஆண்டில் கனடாவின் ரொறன்ரோ நகரில் இரண்டாவது உலகப் போட்டி நடந்தபோது அவரும் சென்றார். முதலிடம் பெற்றவரின் சராசரி 20.00 விநாடி, இரண்டாம் இடம் பெற்ற ஃபிரிட்ரிச்சின் சராசரி 20.48 விநாடி. இளமையிற் பத்தாமிடம் பெற்றவர், இரு தசாப்தங்களின் பின், தம் முறையைக் கற்று வளர்ந்த தலைமுறையின் நடுவே இரண்டாமிடத்தில் நின்றார். விரலுக்கு வயதேறியது, வழிக்கு வயதேறவில்லை.

2007ஆம் ஆண்டு அக்டோபரில் உலகப் போட்டி மீண்டும் புடாபெஸ்டுக்கே வந்தது. அம்முறை வென்ற ஜப்பானியரான யூ நகாஜிமாவின் சராசரி 12.46 விநாடி.

குடமும் மூடியும்

ஃபிரிட்ரிச் முறை என வழங்கும் அவ்வழி அவர் ஒருவரின் ஆக்கமன்று. வேறு பலரும் அதன் பகுதிகளைத் தனித்தனியே கண்டறிந்திருந்தனர். அவர் அவற்றை ஒழுங்குபடுத்தி நிறைவாக்கினார். அதற்கு நான்கு படிகள் உண்டு.

முதற்படி சிலுவை. கீழ்முகத்தின் மையத்தைச் சுற்றி நான்கு விளிம்புத்துண்டுகளையும் அமைப்பது. சதுரமுகி எவ்வாறு குழம்பியிருந்தாலும் இதற்கு எட்டுத் திருப்பங்களுக்கு மேல் தேவைப்படாது. போட்டிகளில் தொடங்குமுன் பார்வையிடுவதற்கு 15 விநாடி கொடுக்கப்படுகின்றது. தேர்ந்தவர்கள் அந்நேரத்திற்குள் சிலுவை முழுவதையும் மனத்துக்குள்ளேயே முடித்துவிடுகின்றனர்.

இரண்டாம் படியிலேதான் புதுமை இருக்கின்றது. அடுக்கு முறையிலே நான்கு மூலைத்துண்டுகளை ஒவ்வொன்றாகக் கீழே இருத்தி, பின்னர் நான்கு விளிம்புத்துண்டுகளை ஒவ்வொன்றாக நடுவிற் சேர்க்கின்றோம். மொத்தம் எட்டுப் பயணங்கள். புதுமுறையிலோ ஒரு மூலைத்துண்டையும் அதன் சோடியான விளிம்புத்துண்டையும் மேலேயே கூட்டி, இரண்டையும் ஒன்றாக உள்ளே செலுத்துகின்றோம், நான்கே பயணங்கள். கிணற்றடியிலிருந்து குடத்தை ஒரு தடவையும் மூடியை ஒரு தடவையுமாக எடுத்துச்செல்பவள் இரு முறை நடப்பாள். மூடியைக் குடத்தின்மேல் வைத்து எடுத்துச்செல்பவள் ஒரே முறை நடப்பாள்.

மூன்றாம் படியில் மேல்முகம் முழுவதும் ஒரே நிறமாக்கப்படுகின்றது. இதற்கு 57 வகை நிலைகள் உள. நான்காம் படியில் மேலடுக்குத் துண்டுகள் தத்தம் இடத்துக்கு மாற்றப்படுகின்றன. இதற்கு 21 நிலைகள். ஆக 78 கோவைகள்! இதனைக் கேட்டவுடன் பயப்பட வேண்டியதில்லை. மூன்றாம் படியை இரு சிறு படிகளாகப் பிரித்தால் 10 கோவைகளும், நான்காம் படியை அவ்வாறே பிரித்தால் 6 கோவைகளும் போதும். பதினாறு கோவைகளுடன் தொடங்கி, வாய்பாடு படிப்பதுபோல வாரத்துக்கு ஒன்றிரண்டாகக் கூட்டிச் செல்லலாம். இம்முறையால் மொத்தத் திருப்பங்கள் 55 முதல் 60 வரையாகக் குறைகின்றன.

மருமகனின் மனச்சோர்வு

புறப்படுவதற்கு ஒரு வாரம் முன்னரே எம் மருமகன் இப்புதிய முறையைத் தொடங்கியிருந்தான். விமானத்திலும் பயின்றான், பெஸ்ட் கரையோரமாய் ஓடும் மஞ்சள் நிற ட்ராம் வண்டியிலும் பயின்றான். சன்னலுக்கு வெளியே சங்கிலிப் பாலமும் அதன் கற்சிங்கங்களும் கடந்து சென்றன. அவன் நிமிர்ந்து பார்க்கவில்லை. நான்காம் நாள் மாலை, கடிகாரத்தைப் பார்த்துவிட்டுச் சதுரமுகியை மடியிலே போட்டான்.

"மாமா, மூன்று நிமிடம் ஆகிறது. பழைய வழியில் இரண்டு நிமிடந்தான். படிக்கப் படிக்கப் பின்னுக்கல்லவா போகிறேன்?"

"சோடிகளைக் கண்டுபிடிக்கத்தானே நேரம் செல்கிறது, தம்பி?"

"ஓம். தேடித் தேடித் தலை சுற்றுகிறது. போட்டிக்கு இன்னும் மூன்று வாரமுமில்லை. பழைய வழிக்கே திரும்பிவிடட்டுமா?"

அவனுடைய கலக்கம் நியாயமானதே. நன்கு தெரிந்த வழியைக் கைவிட்டு, தெரியாத வழியிற் காலடி வைப்பவன் எவனும் முதலிற் பின்தங்கவே செய்வான். ஒரு விரலாற் தட்டச்சுச் செய்து பழகியவன் பத்து விரலாலும் பழகத் தொடங்கும்போது, முதல் மாதத்தில் அவனுடைய வேகம் குறைகின்றது. அம்மாதத்தைத் தாண்டுபவனே தட்டச்சாளன் ஆகின்றான். ஆனால் பதின்மூன்று வயதில், போட்டி முன்னே நிற்க, அந்த ஒரு மாதம் மலைபோலத் தோன்றும் என்பதையும் நாம் உணர்ந்தோம். திரும்பு என்றோ, தொடர் என்றோ நாம் கட்டளையிடவில்லை. இந்நகரிற் பிறந்த இன்னொருவரைப் பற்றி மட்டும் அவனுக்குச் சொன்னோம்.

அவர் பெயர் ஜோர்ஜ் பொல்யா. 1887ஆம் ஆண்டு புடாபெஸ்டிற் பிறந்த கணித மேதை. கணக்குகளைத் தீர்ப்பது எப்படி என்பது பற்றியே 1945ஆம் ஆண்டில் ஒரு நூல் வெளியிட்டார். ஒரு கணக்கைத் தீர்ப்பதற்கு அவர் நான்கு கட்டங்கள் வகுத்தார். கணக்கை விளங்கிக்கொள்ளல், திட்டம் வகுத்தல், திட்டத்தை நிறைவேற்றல், திரும்பிப் பார்த்தல். முதல் மூன்றையும் எல்லா மாணவரும் செய்வர். நான்காவதைச் செய்வோர் சிலரே. விடை வந்துவிட்டது, ஆயினும் இதே விடைக்கு வேறு வழியுண்டா, இதனினும் சுருக்கமான வழியுண்டா என்று திரும்பிப் பார்க்கவேண்டும் என்பது பொல்யாவின் போதனை.

"தம்பி, அடுக்கு முறையால் நீ மூன்று கட்டங்களை முடித்துவிட்டாய். இப்பொழுது நடப்பது நான்காவது கட்டம்" என்றோம். அவன் பதில் பேசவில்லை. ஆனால் சதுரமுகியை மடியிலிருந்து எடுத்தான்.

வெந்நீரிலே சதுரங்கம்

மறுநாள் 1896ஆம் ஆண்டு முதல் ஓடும் பழைய சுரங்க இரயிலில் ஏறி நகரப் பூங்காவுக்குச் சென்றோம். அங்கே 1913ஆம் ஆண்டில் திறக்கப்பட்ட செசெனி நீராடு மண்டபம் மஞ்சள் வண்ண அரண்மனைபோல் நிற்கின்றது. திறந்தவெளித் தடாகங்களில் ஊற்று வெந்நீர் ஆவி பறக்கக் கிடக்கின்றது. மார்பளவு நீரிலே நின்றுகொண்டு முதியவர்கள் சதுரங்கம் ஆடுகின்றனர்! சுற்றிலும் பலர் கைகட்டி நின்று பார்க்கின்றனர். எவருக்கும் அவசரமில்லை. ஒருவர் காய் நகர்த்தும்போதே மற்றவரின் கண் அடுத்த நகர்வைத் தேடிக்கொண்டிருக்கின்றது.

வெளியே பூங்கா ஆசனமொன்றில் மருமகன் அமர்ந்து திருகிக்கொண்டிருந்தான். அவ்வழியே வந்த கல்லூரி மாணவர் ஒருவர் நின்று கவனித்தார். ஆங்கிலத்திற் பேசினார். இந்நகரத்தில் இது ஓர் அறிமுகச் சீட்டுப் போலும்! தம் பையிலிருந்து தமது சதுரமுகியையும் எடுத்தார். உள்ளே சிறு காந்தங்கள் பொருத்தப்பட்டு, விரல் பட்டதும் வழுக்கிச் சென்று சரியான இடத்தில் நிற்கும் தற்காலத்துச் சதுரமுகி அது. அவர் அதனை மணிக்கட்டாற் திருகவில்லை. சுட்டுவிரலால் தட்டித் தள்ளினார். ஆனால் அவர் எம் மருமகனுக்குக் கூறிய அறிவுரை விரைவைப் பற்றியதன்று. மெதுவாகத் திருப்பு என்றார்!

காரணத்தையும் ஒரு கணக்கால் விளக்கினார். ஒருவன் 56 திருப்பங்களில் முடிப்பதாக வைத்துக்கொள்வோம். விநாடிக்கு நான்கு திருப்பமாக விரைந்தால் திருப்புவதற்குச் செல்வது 14 விநாடி. ஆனால் ஒவ்வொரு துண்டையும் தேடுவதற்காகப் பத்து இடங்களில் இரண்டிரண்டு விநாடி நின்றுவிட்டால், தரிப்புக்கு மட்டும் 20 விநாடி, மொத்தம் 34. இன்னொருவன் விநாடிக்கு இரண்டே திருப்பமாக, எங்கும் நில்லாமற் சென்றால் 28 விநாடியில் முடித்துவிடுவான். விரைந்து ஓடி நின்றுநின்று சென்றவனை, நிற்காமல் நடந்தவன் வென்றுவிட்டான்.

நில்லாமற் செல்வது எப்படி? கை ஒரு சோடியைச் சேர்த்துக்கொண்டிருக்கும்போதே கண் அடுத்த சோடியைத் தேடவேண்டும். கை செய்வதைக் கண் பார்த்துக்கொண்டிருத்தல் கூடாது. கைக்கு அது மனப்பாடம். கண்ணுக்கு வேறு வேலை உண்டு. கை அதிவேகமாகச் சுழன்றால் கண்ணால் எதையும் தொடர முடியாது. ஆதலால் கண் தொடரத்தக்க அளவுக்குக் கையைத் தணித்துப் பயிலவேண்டும். கண் பழகப் பழகக் கையின் வேகத்தைக் கூட்டிக்கொள்ளலாம். சதுரமுகியிலே வேகம் என்பது விரலிற் பிறப்பதன்று, பார்வையிற் பிறப்பது.

மருமகன் தடாகத்துச் சதுரங்கக்காரரை மறுபடி ஒருமுறை பார்த்துவிட்டு வந்தான். பின்னர் கடிகாரத்தின் ஓசைக்கேற்ப ஒவ்வொன்றாகத் திருப்பத் தொடங்கினான். இரண்டு நிமிடமும் நாற்பது விநாடியும் சென்றன. அது அவனுடைய பழைய நேரத்தினும் கூடுதலே. ஆனால் முதன்முறையாக, இரண்டாம் சோடியிலிருந்து மூன்றாம் சோடிக்குத் தரிக்காமற் சென்றிருந்தான். அதனை அவனே கண்டு எமக்குச் சொன்னான்.

ஊர் திரும்பிய பின்

புதுவழியிலேயே நிற்பதென அவன் முடிவு செய்தான். பாடசாலைப் போட்டியில் அவனுடைய நேரம் ஒரு நிமிடமும் ஐம்பது விநாடியும். கிடைத்த இடம் ஏழாவது. அன்றிரவு அவன் அதிகம் பேசவில்லை என்று சகோதரி எழுதியிருந்தார். ஆனால் பயிற்சியை நிறுத்தவுமில்லை. மார்கழியில் ஒரு நிமிடத்தைத் தாண்டினான். தைப்பொங்கலன்று எம் வீட்டு விறாந்தையிலே பாட்டனார் கடிகாரம் பிடிக்க, 48 விநாடியிற் சேர்த்தான். பழைய வழியில் நின்றிருந்தால் போட்டியில் ஓரிடம் முந்தியிருக்கலாம். நாற்பத்தெட்டு விநாடியைக் கண்டிருக்கமாட்டான்.

இவ்விடத்திற் பெற்றோர்க்கு ஒரு சொல். இப்பொருள் பொழுதைக் கெடுப்பது எனச் சிலர் கருதுகின்றனர். அமெரிக்காவின் மக்ஸ் பார்க் என்னும் இளைஞர் சிறுவயதில் மதியிறுக்கம் எனப்படும் நிலைக்கு உட்பட்டவர். விரல்களின் நுண்ணிய அசைவும் பிறரோடு பழகுதலும் அவருக்குக் கடினமாயிருந்தன. பெற்றோர் அவர் கையிலே சதுரமுகியைக் கொடுத்துப் பழக்கினர். போட்டிகளுக்கு அழைத்துச் சென்று, வரிசையில் நிற்கவும் கைகுலுக்கவும் கற்பித்தனர். அவரே 2017ஆம் ஆண்டிலும் 2023ஆம் ஆண்டிலும் உலகப் போட்டியில் வென்றார். 2023ஆம் ஆண்டு ஜூனில் ஒரு சதுரமுகியை 3.13 விநாடியிற் சேர்த்தார். அந்நேரமும் பின்னர் முந்தப்பட்டுவிட்டது. அப்பெற்றோர் தேடியது நேரத்தை அன்று, மகனை.

மாணவர்க்கு

புதுவழியைத் தொடங்க விரும்பும் மாணவர்கள் இந்த ஒழுங்கைப் பின்பற்றலாம். முதலில் அடுக்கு முறையைத் தடுமாற்றமின்றிப் பயிலுங்கள். அடுத்து, சிலுவையைக் கீழ்முகத்திலேயே வைத்துச் சேர்க்கப் பழகுங்கள். சதுரமுகியைப் புரட்டிப் புரட்டிப் பார்ப்பதால் வீணாகும் நேரம் மீதமாகும். பின்னர் சோடிகள். சோடிகளை மனனஞ் செய்யாதீர்கள்; ஒரு மூலையும் விளிம்பும் எங்ஙனம் பிரிந்து எங்ஙனம் கூடுகின்றன என்று கையில் வைத்துப் பார்த்து விளங்கிக்கொள்ளுங்கள். மேலடுக்குக்குப் பதினாறு கோவைகளை மட்டும் முதலிற் படியுங்கள். நாள்தோறும் அரைமணி நேரம் போதும். அதிற் பாதியை மெதுவாகத் திருப்புவதிற் செலவிடுங்கள். நேரத்தைத் தினமும் அளவாது வாரத்துக்கு ஒரு நாள் அளந்து, ஐந்து முயற்சிகளை எடுத்து, மிகக் கூடியதையும் மிகக் குறைந்ததையும் தள்ளி, எஞ்சிய மூன்றின் சராசரியைக் குறித்து வையுங்கள். உலகப் போட்டிகளிலும் இதுவே கணக்கு.

2010ஆம் ஆண்டிலே நான்கு ஆராய்ச்சியாளர்கள் கணினிகளின் துணைகொண்டு ஓர் உண்மையை நிலைநாட்டினர். சதுரமுகி எவ்வளவு குழம்பியிருந்தாலும் 20 திருப்பங்களுக்குள் அதனைச் சேர்த்துவிடலாம் என்பதே அது. ஃபிரிட்ரிச் முறையிற் செல்வோர்க்கோ ஐம்பதுக்கு மேல் வேண்டியிருக்கின்றது. அவ்விருபதை மனிதக் கண் ஒரு பார்வையிற் காணுவதற்கு இன்னும் வழி அமையவில்லை. ஆக, டன்யூப் கரையிலே ஒரு விரிவுரையாளர் தம் அறையிலிருந்து தொடங்கிய தேடல் முடிந்துவிடவில்லை. எஞ்சியிருக்கும் அம்முப்பது திருப்பங்களுக்குள்ளே வேறு வழிகளும் மறைந்திருக்கலாம். அலுமாரி மூலையிலே கிடக்கும் சதுரமுகியை எடுத்துத் தூசி தட்டுங்கள். இம்முறை சற்று மெதுவாகத் திருப்பிப் பாருங்கள்.